கேள்வி பதில்: வீட்டுப் பட்டறையில் கிட் விமானம்

பெட்டியில் பாகங்களாக வந்து இறங்கும் இரண்டு இருக்கை விமானத்தை வீட்டிலேயே பூட்டி முடிப்பது பற்றி சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டார வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெல்டிங், லேத் இரண்டும் பழகிய வேலை. எந்த மாதிரி கிட் எனக்கு ஒத்துவரும்? முடிக்க எவ்வளவு காலம் பிடிக்கும்?
– ஓய்வுபெற்ற ஃபிட்டர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் கைக்கு அலுமினியக் கிட்தான் சரி. மர விமானம் கட்டுபவர்கள் உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்க் கரையானிடமிருந்தும் ஆண்டு முழுக்க அடிக்கும் ஈரத்திலிருந்தும் மரத்தைக் காப்பாற்றுவதே தனி வேலையாகிவிடும். ஃபைபர் கிளாஸ் வகையில் வேறொரு தொல்லை. ஈரக் காற்றில் எப்பாக்சி இறுகும்போது மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த அடுக்கை ஒட்டினால் பிடிக்காது.

தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணியைப் பொறுத்து அலுமினியத்தில் இரண்டு வகை. ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் பாப் ரிவெட் வகை ஒன்று. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்து சிஎச் 750, வேன்ஸ் நிறுவனத்து ஆர்வி-12 இரண்டும் பெரும்பாலும் இப்படித்தான். மற்றது கட்டி ரிவெட் வகை. ஒருவர் ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் பின்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடிக்க, ரிவெட்டின் வால் நசுங்கித் தலையாகப் பரவும். ஆர்வி-7 போன்ற வேக விமானங்களில் பெரும்பகுதி இந்த வேலைதான். முதல் விமானம் என்றால் பாப் ரிவெட் வகையை எடுங்கள். தனியாளாகவே வேலை ஓடும். 800 முதல் 1,000 மணி நேரம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். வாரத்துக்கு 10 மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு ஆண்டு.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் மவுண்ட், தரையிறங்கும் கால் போன்ற எஃகு பாகங்கள் வெல்டு செய்தே வரும். அவற்றைத் திரும்பத் தொடாதீர்கள். 4130 குரோம்-மோலி குழாய் சூடாகிச் சட்டென்று ஆறினால் வெல்டின் ஓரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆலையில் பிராக்கெட் வலுவில்லை என்றால் ஒரு பட்டையைச் சேர்த்து வெல்டு அடிப்போம். இங்கே அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத ஒவ்வொரு பட்டையும் எடையைக் கூட்டும். அது போக, பளு போகும் பாதையை மாற்றி வேறு எங்கோ விரிசலைத் தொடங்கிவைக்கும்.

கேள்வி: கிட் வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் அனுமதி கேட்கலாமா? தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்தே ஏறி இறங்க முடியுமா?
– லோரி உரிமையாளர், கோலகங்சார்

பதில்: முதல் கேள்விக்கு, கூடாது. பணம் கட்டுமுன்பே சிஏஏஎம் என்ற மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதிப் பதில் வாங்குங்கள். 2018க்கு முன் டிசிஏ என்று இருந்ததுதான் இப்போது சிஏஏஎம். எந்த மாடல், எந்த எஞ்சின், எங்கே கட்டப்போகிறீர்கள், இடையில் யார் வந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே ஒப்புக்கொண்ட கிட் இங்கே தானாக ஒப்புக்கொள்ளப்படும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே முடிவு செய்வது சிஏஏஎம்.

எந்த நாட்டு ஆய்வாளரும் கேட்கப்போவது ஒன்றுதான்: மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது? இறக்கையின் கடைசித் தகட்டை ரிவெட் அடித்துவிட்டால் உள்ளே யாரும் பார்க்க முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே பதிவேடு எழுதுங்கள். தேதி, வரைபடப் பக்க எண், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கம், கூடவே புகைப்படம். மூடுமுன் ஆய்வாளர் வந்து பார்க்க நாள் குறியுங்கள்.

தோட்டச் சாலை பேச்சை விடுங்கள். வளர்ந்த செம்பனை 15 மீட்டரைத் தாண்டும். ஏறும்போது எஞ்சின் நின்றால் இறங்க இடமே இல்லை. அனுமதி இல்லாத இடத்திலிருந்து பறப்பது சட்டப்படியும் குற்றம். கழற்றிய இறக்கைகளோடு லோரியில் ஏற்றி, அனுமதி உள்ள ஓடுபாதைக்குக் கொண்டுபோகும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

கேள்வி: தாமான் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், சிங்க் கூரைக்குக் கீழே கட்ட இடம் போதுமா?
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: இடம் போதும், அம்மா. 6 மீட்டருக்கு 6 மீட்டர் இருந்தால் ஒரு பக்க இறக்கையையும் ஒரு மேசையையும் வைத்து வேலை செய்யலாம். 60 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம், ஏறக்குறைய 90 செ.மீ. உயரம் உள்ள மேசைகள் இரண்டு போதும். சேர்த்தும் போடலாம், பிரித்தும் போடலாம். மேசையின் மேற்பரப்பு முறுக்கிக்கொண்டிருந்தால் அதன் மேல் கட்டும் இறக்கையும் முறுக்கிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயால் நான்கு மூலையையும் மட்டம் பாருங்கள். சிமெண்டுத் தரை வாசல் பக்கம் சரிந்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம்.

கூரைச் சூடுதான் பலர் யோசிக்காத இடம். அலுமினியம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் மீட்டருக்கு 0.023 மி.மீ. நீளும். 3.6 மீட்டர் தகட்டின் மேல் பிற்பகல் வெயில் விழுந்து, நிழலில் இருக்கும் ஸ்பாரைவிட (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்பு) அது 20 பாகை சூடேறினால் நீளத்தில் 1.7 மி.மீ. வித்தியாசம். துளையே 3.3 மி.மீ.தான். ஒரு முனையிலிருந்து கிளெக்கோவை (தகடுகளைத் துளை வழியே தற்காலிகமாகக் கவ்வும் பிடிப்பான்) போட்டுக்கொண்டே போனால் மறுமுனையில் துளைகள் பாதிதான் பொருந்தும். உடனே டிரில்லை எடுத்துத் துளையைப் பெரிதாக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். மறுநாள் காலை 8 மணிக்குத் திரும்பப் பாருங்கள், பெரும்பாலும் தானாகப் பொருந்தியிருக்கும். நீளமான தகடுகளைப் பொருத்தும்போது நடுவிலிருந்து இரு முனைக்கும் போவது நல்லது. அப்போது மிச்ச வித்தியாசம் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும்.

கேள்வி: என்னென்ன கருவி வேண்டும்? எவற்றை ஈப்போ ஹார்ட்வேர் கடையில் வாங்கலாம்? எவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்?
– மோட்டார் பட்டறை மெக்கானிக், ஈப்போ

பதில்: பாப் ரிவெட் கிட்டை வைத்துச் சொல்கிறோம்.

கம்ப்ரசர், காற்று டிரில், அரம், வெட்டும் கத்திரி, ஸ்பேனர் எல்லாம் இங்கேயே வாங்குங்கள். 2 குதிரைத்திறன், 50 லிட்டர் கம்ப்ரசர் போதும். ரிவெட் இழுக்கும் கருவிக்கு 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு) அழுத்தக் காற்று தேவை. நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் டாங்கியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும். தினமும் வேலை முடிந்ததும் கீழ்க் குழாயைத் திறந்துவிடுங்கள், குழாய் வழியில் ஒரு நீர்ப்பிடிப்பானும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் பெயிண்ட் துப்பாக்கி வழியாகத் தகட்டுக்கு வந்து சேரும். தகடு வெட்டும் கத்திரியில் மூன்று நிறம் உண்டு. சிவப்புப் பிடி இடப்பக்கம் வளைத்து வெட்டும், பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக. மூன்றும் வேண்டும். அமெரிக்காவிலிருந்து மின்கருவி வாங்குவதாக இருந்தால், அவை 110 வோல்ட் என்பதை மறக்காதீர்கள்.

டிரில் பிட் விஷயத்தில் கவனம் வேண்டும். கிட்டின் துளைகள் எண் கணக்கில் இருக்கும். 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் எண், அதாவது 2.49 மி.மீ. 1/8 அங்குல ரிவெட்டுக்கு 30-ஆம் எண், 3.26 மி.மீ. 5/32க்கு 20-ஆம் எண், 4.09 மி.மீ. நம் கடையில் கிடைக்கும் 2.5 மி.மீ. பிட் 40-ஆம் எண்ணுக்குப் பதிலாக ஓடிவிடும். சிக்கல் 30-ஆம் எண்ணில்தான். 3.2 மி.மீ. போட்டால் ப்ரைமர் அடித்த பின் ரிவெட் உள்ளே போகாமல் அடம் பிடிக்கும், 3.3 போட்டால் தேவைக்கு மேல் தளர்வு. ஆகவே 30-ஆம் எண் கோபால்ட் பிட்டை ஒரு டஜன் வரவழைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய பிட் வட்டத் துளை போடாது. மூன்று மூலையாகப் போடும், தகட்டுக்குப் பின்னால் பிசிரையும் கிளப்பும். பிட்டைச் சாணை பிடித்து மிச்சப்படுத்தப் பார்க்காமல் புதியதை மாட்டுங்கள்.

தகடுகளைத் தற்காலிகமாகக் கவ்விப் பிடிக்கும் கிளெக்கோவுக்கு நிறமே அளவு: 3/32க்கு வெள்ளி நிறம், 1/8க்குச் செம்பு நிறம், 5/32க்குக் கறுப்பு. செம்பு நிறத்தில் 200, கறுப்பில் 50, வெள்ளியில் 50 வைத்துத் தொடங்கலாம். அதை மாட்டும் குறடு இரண்டு. அங்குல-பவுண்டு கணக்கில் 20 முதல் 200 வரை காட்டும் முறுக்கு ஸ்பேனர் ஒன்று. உங்கள் பட்டறையில் இருக்கும் கார்ச் சக்கர முறுக்கு ஸ்பேனர் இதற்கு ஆகாது. 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று. அது ஏன் என்பது எரிபொருள் டாங்கி பற்றிய பதிலில் தெரியும்.

ஜெனித் விமானம் என்றால் ரிவெட் கருவியின் மூக்கைக் கவனியுங்கள். அவர்கள் தட்டைத் தலை ரிவெட்டை, உட்குழிந்த மூக்கால் இழுத்து, வட்டத் தலையாக மாற்றுகிறார்கள். கடையில் வாங்கிய கருவியின் தட்டை மூக்கால் இழுத்தால் அந்தத் தலை உருவாகாது. கிட்காரர்கள் தரும் மூக்கையே மாட்டுங்கள்.

துளை போட்டபின் பிசிர் எடுப்பதில் மெக்கானிக்குகள் பெரும்பாலும் மிகையாகப் போய்விடுகிறார்கள். பிசிர் எடுக்கும் முனையைத் துளையில் வைத்து விரலால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று. அவ்வளவே. 0.6 மி.மீ. தகட்டில் அதற்கு மேல் சுற்றினால் துளையின் ஓரம் கத்தி முனை போலாகி, ரிவெட் பிடிப்பதற்கு உலோகம் மிச்சமிருக்காது. தகட்டின் வெளி விளிம்பில் நேர்மாறு. வெட்டிய தடம் கண்ணுக்குத் தெரியாதவரை அரத்தாலும் நைலான் தேய்ப்பு உருளையாலும் வழவழப்பாக்குங்கள், விரிசல் தொடங்குவது அங்கேதான். இரும்பு நாரால் அலுமினியத்தைத் தேய்க்க வேண்டாம். அதன் துகள் தகட்டில் பதிந்து, அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். பென்சிலால் கோடு போடுவதும் ஆகாது. கிராஃபைட்டும் ஈரமும் சேர்ந்தால் கோட்டின் மேலேயே அரிக்கும். மெல்லிய முனை மார்க்கர் பேனாவை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டி வந்து ஆறு மாதமாகியும் வேலை தொடங்க முடியவில்லை. பாகங்களை எங்கே, எப்படி வைப்பது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து உரக் கிடங்கு இருக்கிறது.
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: உடனே பெட்டியைத் திறங்கள். பொட்டலச் சீட்டோடு ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்க்காமல் விட்டால், குறை சொல்லும் கெடு தாண்டிவிடும். அதைவிட முக்கியம், தகடுகளைச் சுற்றிய காகிதமும் நுரையும் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டவைத்துக்கொள்ளும். வெள்ளைப் பொடி போன்ற அரிப்பு முதலில் வருவது அங்கேதான். தகட்டின் மேல் ஒட்டி வரும் நீல நெகிழிப் படலத்தை நீண்ட நாள் விட்டால் பசை இறுகி உரிக்கவே வராது, அதன் அடியிலும் ஈரம் தங்கும். அதை உரித்துவிட்டு, தகடுகளைப் படுக்கையாக அடுக்காமல் மரச் சட்டத்தில் நிமிர்த்தி, காற்று போகும்படி வையுங்கள்.

உரக் கிடங்கு பற்றிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் தூசி ஈரக் காற்றில் உப்புத் தண்ணீராகவே வேலை செய்யும். குளோரைடு அலுமினியத்தின் காப்புப் படலத்தைக் குத்தித் துளைத்து உள்ளே குழி பறிக்கும். பின்பக்க ஜன்னலை மூடிவையுங்கள். உரம் ஏற்றி இறக்கும் நாளில் தகட்டைத் திறந்து போடாதீர்கள். ரப்பர் தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி அலுமினியத்துக்கு ஆகாது. பால் உறையாமல் இருக்கக் கலக்கும் அமோனியாவின் ஆவி பித்தளை இணைப்புகளில் விரிசல் விழச் செய்யும்.

கேள்வி: அமெரிக்க விமானத் தரமான ஏஎன் போல்ட் ஒன்றின் விலையில் இங்கே ஒரு பொட்டலம் 8.8 பலத் தர கடைப் போல்ட் வாங்கலாம். பலமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்களே?
– லோரி பட்டறைக்காரர், தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: பல எண்ணை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஏஎன் போல்ட்டின் இழுபலம் சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு, அதாவது 860 மெகாபாஸ்கல். 8.8 போல்ட் 800. ஆனால் விமானப் போல்ட் பெரும்பாலும் இழுவையில் வேலை செய்வதில்லை, குறுக்குவாட்டில் வெட்டும் விசையைத் தாங்குகிறது. அதற்கு மரை இல்லாத வழுவழுப்பான உடல் துளையை முழுக்க நிரப்ப வேண்டும். ஏஎன்3 போல்ட்டின் உடல் 3/16 அங்குலம், 4.76 மி.மீ. துளையும் அதே அளவுக்குத் துல்லியமாகப் போடப்பட்டிருக்கிறது. எம்5 அதில் நுழையாது, எம்4 அதில் ஆடும். கடைப் போல்ட்டில் மரை பெரும்பாலும் தலைவரை ஓடும். அந்த மரை துளைக்குள் உட்கார்ந்தால் அரம் மாதிரி அலுமினியத்தை ராவிக்கொண்டே இருக்கும். பறக்கப் பறக்கத் துளை நீள்வட்டமாகிவிடும்.

நீளம் தேர்வு செய்வது எளிது. மரையில்லாத பகுதியின் நீளம் இணைக்கும் உலோகத்தின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். சற்று நீண்டால் வாஷர் போட்டுச் சரிக்கட்டுங்கள். இறுக்கியபின் நட்டுக்கு வெளியே ஒன்றிலிருந்து மூன்று மரை தெரிய வேண்டும். ஏஎன்3க்கு முறுக்கம் 20 முதல் 25 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். 1/4 அங்குல ஏஎன்4க்கு 50 முதல் 70. லோரி வேலை செய்த கைக்கு இது இறுக்கமாகவே தோன்றாது. கை நம்பாவிட்டாலும் ஸ்பேனரை நம்புங்கள், தலை முறிந்த ஏஎன்3கள் எல்லாம் கை நம்பாததால் முறிந்தவை. பூட்டு நட்டை வெறுமனே சுற்றும்போதே கொஞ்சம் முறுக்கம் பிடிக்கும். அது 5 என்றால், 5ஐக் கூட்டி இறுக்க வேண்டும். முறுக்குவது நட்டுப் பக்கத்தில், போல்ட் தலையில் அல்ல.

நைலான் வளையம் உள்ள ஏஎன்365 நட்டை எங்கும் போடலாம் என்று எண்ணாதீர்கள். எஞ்சின் அறையின் சூட்டில் நைலான் தளரும், ஆகவே தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால் முழு உலோகப் பூட்டு நட்டு. சுழலும் இணைப்பில், அதாவது கட்டுப்பாட்டுக் கம்பிகள் திரும்பும் இடத்தில், கிரீட வடிவ நட்டும் காட்டர் பின்னும்தான். இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பு வார்னிஷ் கோடு ஒன்று இழுங்கள். கோடு இல்லாத நட்டு இறுக்காத நட்டு. நட்டு நகர்ந்திருந்தால் பிந்திய ஆய்வில் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கட்டி ரிவெட் அடித்துப் பழகுகிறேன். பத்தில் மூன்று கோணல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி அடிக்கட்டுமா?
– வாசகர், சிம்மோர்

பதில்: முதலில் அளந்து பாருங்கள். பின்பக்கம் பரவிய தலையின் அகலம் ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 1/8 அங்குல ரிவெட்டுக்கு அகலம் 4.8 மி.மீ., உயரம் 1.6. இந்த அளவுக்கு ஒரு துளைத்த தகட்டு அளவியைச் செய்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பாருங்கள். சற்றுச் சாய்ந்திருந்தாலும் அளவு இருந்தால் விட்டுவிடலாம். ரிவெட்டை எடுக்கும்போது துளை பெரிதாகி வரும் கேடு, சாய்ந்த தலையின் கேட்டைவிடப் பெரியது.

கோணலுக்குப் பெரும்பாலும் காரணம் நீளம். இரண்டு 0.032 அங்குலத் தகடு சேர்ந்தால் 0.064. அதோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு 0.1875ஐக் கூட்டினால் 0.25 அங்குலம். அதற்கு ஏஎன்470ஏடி4-4, கடைசி எண் பதினாறில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. -5 போட்டால் வால் நீண்டு மடங்கிப் படுக்கும். எடுத்தே ஆக வேண்டியது வந்தால் தலையின் நடுவில் உள்ள சிறு குழியில் பிட்டை வையுங்கள், ஏடி ரிவெட்டின் அடையாளமே அந்தக் குழிதான். தலையின் ஆழம் மட்டும் துளைத்து, ஊசி முனை உளியால் (பின் பஞ்ச்) தலையை நெம்பி முறித்துவிட்டு, பின்பக்கம் தாங்கு கொடுத்து உடலைத் தட்டி வெளியேற்றுங்கள். தகட்டைத் துளைக்கக் கூடாது.

கேள்வி: எரிபொருள் டாங்கி ஒழுகாமல் அடைப்பது எப்படி? காற்றடைத்துச் சோதித்தேன், மாலைக்குள் அழுத்தம் இறங்கிவிட்டது. ஒழுகும் இடமோ தெரியவில்லை.
– ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: ஒழுகாமலே அழுத்தம் இறங்கியிருக்கலாம். மூடிய டாங்கிக்குள் காற்று 1 பாகை குளிர்ந்தால் அழுத்தம் 3.4 செ.மீ. தண்ணீர் உயரத்துக்கு இறங்கும். பிற்பகல் மழை வந்து 3 பாகை குறைந்தால் 10 செ.மீ. போயிற்று, ஊசி முனைத் துளைகூடத் தேவையில்லை. நம் வெப்பமண்டலத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் தினமும் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் மூன்று நான்கு மில்லிபார் இறங்கி, திரும்ப ஏறும். அதுவும் உங்கள் அளவில் மூன்று நான்கு செ.மீ. ஏமாற்றும். U வடிவத்தில் வளைத்த தெளிவான குழாயில் தண்ணீர் ஊற்றி 50 செ.மீ. வித்தியாசம் வரும்வரை காற்றடையுங்கள். 70 செ.மீ. என்றால் 1 பிஎஸ்ஐ, அதைத் தாண்டினால் டாங்கி புடைத்துக் கெடும். விடியுமுன், வெப்பம் மாறாத நேரத்தில் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பமானியைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் தூரிகையால் தடவி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பொறுமையாகப் பாருங்கள். மிகச் சிறிய ஒழுக்கில் குமிழ் தெரியவே ஒரு நிமிடம் ஆகும்.

அடைக்கும் பசை பாலிசல்ஃபைடு. பசையும் அதை இறுகவைக்கும் இறுக்கியும் எடையில் 10க்கு 1. கண்ணளவு ஆகாது. 40 கிராம் பசைக்கு 4 கிராம் இறுக்கி, தராசு கேட்டது இதற்குத்தான். டப்பாவில் வேலை நேரம் 2 மணி என்று போட்டிருந்தால் அது 25 பாகை, 50 விழுக்காடு ஈரத்துக்கு. 33 பாகை வெயிலும் நம் ஈரமும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்திலேயே பசை நூல் நூலாக இழுபடத் தொடங்கும். அப்போது அது தகட்டை நனைக்காது, மேலே படிந்திருக்கும் அவ்வளவுதான். ஆகவே 30, 40 கிராமாகப் பலமுறை கலக்குங்கள். பசை படும் இடத்தை முன்னதாகச் சொரசொரப்பாகத் தேய்த்து, எம்இகே கரைப்பானால் துடைத்து, அது காயுமுன்பே வேறு சுத்தத் துணியால் இன்னொரு முறை துடையுங்கள். காய விட்டால் அழுக்கு திரும்பப் படிந்துவிடும். கையுறை போடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவையுங்கள். பசைக்கு ஆயுள் சில மாதங்கள்தான். டாங்கி வேலை நெருங்கியபின் வரவழையுங்கள், கிட்டோடு சேர்த்து அல்ல.

கேள்வி: ப்ரைமர் அவசியமா?
– கோலகங்சார் வாசகர்

பதில்: பாலைவன நாட்டில் கட்டுபவர்கள் வேண்டாம் என்று வாதாடலாம். இங்கே அவசியம். தகடும் தகடும் ஒட்டும் உட்பக்கங்கள் அத்தனைக்கும் மெல்லிய பூச்சு அடியுங்கள். 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகடு அரிப்பை ஓரளவு தாங்கும். 2024-டி3 கலவைக்கு மேலே தூய அலுமினியப் படலம்தான் காப்பு, வெட்டிய விளிம்பில் அது கிடையாது. சுத்தம் பார்க்கத் தகட்டின் மேல் தண்ணீரை ஓடவிடுங்கள். ஒரே படலமாக ஓடினால் சரி, முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஈரம் 85 விழுக்காட்டைத் தாண்டிய நாளில் அடிக்காதீர்கள். ஏர்கான் அறையில் இருந்த தகட்டை நேரே கொண்டுவந்தும் அடிக்காதீர்கள். 30 பாகையும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றில் 26 பாகைக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் பனி பூக்கும். கடைசியாக வெளியே அடிக்கும் இரண்டு பகுதி பாலியூரிதேன் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் கவசம் இல்லை என்றால் அந்த வேலையைக் கார் பெயிண்ட் கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிறு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் எஞ்சினுக்கு நம் பங்க்கில் விற்கும் ரோன்95 போடலாமா?
– மோட்டார் பட்டறை மெக்கானிக், ஈப்போ

பதில்: 100 குதிரைத்திறன் 912 யுஎல்எஸ் கேட்கும் குறைந்த அளவே ரோன்95தான். போடலாம். ஆனால் நம் சூட்டில் கார்ப் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினுக்குப் போகும் வழியை அடைக்கும். எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு மறுபடி கிளப்பும்போது இந்த ஆபத்து அதிகம். எஞ்சின் அறைக் குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறை போடுங்கள், டாங்கிக்குத் திரும்பும் குழாயையும் வரைபடம் சொன்னபடி விடாமல் மாட்டுங்கள். ரப்பர் குழாய்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெட்டியிலேயே கிடந்தாலும் ஆண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வெப்ப நாட்டில் கார்புரேட்டரில் பனிக்கட்டி வராது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் 20 பாகைக்கு மேல் குளிரும். நம் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. சக்தியைக் குறைத்து இறங்கும் நேரம்தான் ஆபத்து. கார்புரேட்டர் சூடேற்றும் அமைப்பைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: யாரோ பாதியில் விட்ட பழைய கிட் மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– லோரி உரிமையாளர், கோலகங்சார்

பதில்: பதிவேடும் வரைபடமும் பொட்டலச் சீட்டும் இல்லை என்றால் வேண்டாம். வேன்ஸ் கிட் 2022, 2023இல் வந்தது என்றால், லேசரால் வெட்டிய பாகங்களை மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். துளையின் வெட்டு தொடங்கி முடியும் இடத்தில் வடு விழுந்து, ரிவெட் தலை உட்காரக் குழிவு கொடுக்கும்போது அங்கே விரிசல் கண்டது. ஜெனித் சிஎச் 601 எக்ஸ்எல் என்றால், பறக்கும்போதே இறக்கை முறிந்த விபத்துகளுக்குப் பின் 2009இல் வந்த வலுவூட்டும் பாகங்கள் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடிய இறக்கைக்குள் குழாய்க் கேமராவை விட்டு, ரிவெட்டின் பின்தலைகளைப் பாருங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். கிட் வாங்க வசதியில்லை. இப்போதே பழக வழி உண்டா?
– மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: உண்டு, தம்பி. 0.8 மி.மீ. தடிமன் 6061 தகட்டுத் துண்டும், 1/8 அங்குல ரிவெட் நூறும், கிளெக்கோ இருபதும் போதும். 30 செ.மீ. நீளப் பெட்டி ஒன்றை வரைந்து வெட்டு. துளையின் நடுவிலிருந்து தகட்டு விளிம்புக்கு ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்கு, 6.4 மி.மீ., குறையாமல் இருக்கட்டும். வளைக்கும் இடத்தில் உள் வளைவின் ஆரம் தகட்டுத் தடிமனைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும், கூர்மையாக மடித்தால் 6061-டி6 வெளிப்பக்கம் வெடிக்கும். துளை, பிசிர், கிளெக்கோ, ரிவெட் என்று வரிசையாக முடி. பிறகு அதே பெட்டியை ரம்பத்தால் ரிவெட் வரிசையின் நடுவாகவே அறுத்து, வெட்டு முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார். ரிவெட்டின் உடல் துளையை நிரப்பியிருக்கிறதா, இரண்டு தகட்டுக்கும் இடையில் பிசிர் சிக்கி இடைவெளி விட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். இடைவெளி கண்டால் அடுத்த பெட்டிக்குப் பிசிரை இரு பக்கமும் எடு, பக்கத்துத் துளையில் கிளெக்கோ இருக்கும்போதே ரிவெட்டை இழு.